நெட்டுக்குப்பத்தில் காணாமல் போன தண்ணீர்

காலை 7.10. நெட்டுக்குப்பம் குடிநீர்த் தொட்டியின் குழாயை, அதைப் பார்த்துக்கொள்ளும் தாவூது திறந்தார். இரண்டு குடம் நிறைந்தது. பிறகு வெறும் காற்று. காலையில் லாரி ஊற்றியிருக்க வேண்டிய பன்னிரண்டாயிரம் லிட்டரைக் காணவில்லை.

7.50. சப்-இன்ஸ்பெக்டர் அன்புக்கரசி வந்து இறங்கியபோது, தாவூதைத் தொட்டியின் இரும்புக் காலோடு கட்டி வைத்திருந்தார்கள். நெற்றியில் ரத்தம். குழாய்ப் பூட்டின் சாவி அவரிடம் மட்டுமே இருந்தது. அவர்தான் தண்ணீரை விற்றுவிட்டார் என்று சொல்ல ஊருக்கு அது போதுமாக இருந்தது.

"மொதல்ல அவர அவுத்து வுடுங்க," என்றார் அன்புக்கரசி. இந்த வாரத்தில் இது மூன்றாவது தண்ணீர்ச் சண்டை. அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

மீன் விற்கும் சொக்கம்மாள் முன்னால் வந்தாள். "ஆறரைக்கு லாரி வந்துச்சு மேடம். கால் மணி நேரம் நின்னுச்சு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"தண்ணி ஊத்துனாங்களா?"

"ஊத்தாம, சும்மா நிக்கவா வரும்?"

அன்புக்கரசி தொட்டியைச் சுற்றி வந்தார். விரிசல் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. "இந்த ஒத்தக் குழாய்ல அவ்ளோ தண்ணியும் போவ மூணு மணி நேரம் ஆவும். இவரு அரை மணி நேரத்துல எப்படிம்மா வித்திருப்பாரு?"



8.30. லாரி விநியோக மேற்பார்வையாளர் ஜெகதீசன் வந்தார். கேட்பதற்கு முன்பே செல்போனை நீட்டினார். அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு 6.42க்கு அனுப்பிய படம். தொட்டியின் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. தொட்டியின் நிழல் மணலில் படகுகள்வரை நீண்டு கிடந்தது. படகுகளுக்குப் பின்னால் அலை.

"இன்னைக்குக் காலைல நானே நின்னு எடுத்தது மேடம்."

கூட்டம் மறுபடி தாவூது பக்கம் திரும்பியது.

"நில்லுங்க," என்றார் அன்புக்கரசி. "சொக்கம்மா, சூரியன் எங்க உதிக்குது?"

"கடல்லதான்."

"அப்ப காலைல தொட்டி நிழல் எங்க விழும்?"

சொக்கம்மாள் தரையைப் பார்த்தாள். நிழல் கழிமுகத்துப் பக்கம் விழுந்திருந்தது.

"இவர் படத்துல கடல் பக்கம் விழுது. இது என்னைக்கோ சாயங்காலம் எடுத்த படம். லாரி வந்து நின்னுட்டு, ஊத்தாமலே போயிருக்கு. எல்லாரும் தண்ணி அளவையே பாக்குறீங்க. ஒருத்தராவது தரையப் பாக்கக் கூடாதா? ஜெகதீசன், தண்ணி எங்க?"

அவர் செல்போனைப் பையில் போட்டார். "அத்திப்பட்டு பக்கம் ஒரு தனியார் மின்நிலையம். கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற மெஷின் மூணு நாளா ரிப்பேர். கொதிகலனுக்கு உப்புத் தண்ணி ஆகாது மேடம். யூனிட் நின்னா ஊரே இருட்டாயிடும். அதான் திருப்பி வுட்டேன்."

"அத இங்க வந்து சொல்லியிருக்கணும். ஒரு மனுசன் மண்டை ஒடைஞ்சு ரத்தம் ஊத்திட்டு நிக்கிறாரு." அன்புக்கரசியின் குரல் உயரவில்லை. "லாரிய மறுபடி தண்ணியோட இங்க வரச் சொல்லுங்க. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போலாம்."

11.15. லாரி வந்தது. இம்முறை ஊரே நின்று பார்க்க, தொட்டி நிறைந்தது. தாவூதைக் கட்டியவர்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அவர் பூட்டைத் திறந்தார். வீட்டுக்குப் போய்த் தன் குடத்தை எடுத்து வந்து, எல்லாருக்கும் முன்னால் வைத்து நிதானமாகப் பிடித்தார்.

அவசரப்படுத்த யாருக்கும் வாய் வரவில்லை.