தள்ளத் தள்ள நகராத ரொட்டி வண்டி

"தள்ளும்மா சிஹோ! இன்னும் கொஞ்சம்!"

சிஹோ பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். பக்கத்தில் தபால்கார நானாயே அக்காவும் தள்ளினாள். குராமோதோ மாமா உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ரொட்டி வண்டி அசைவேனா என்றது. ரயில்வே கேட்டின் நடுவே, தண்டவாளத்துப் பனியில் சக்கரம் சும்மாவே சுழன்றது.

"மாமா, எட்டேகால் ரயில் வர்ற நேரம். இறங்கிடுங்க!" என்று கத்தினாள் சிஹோ.

"இறங்கினா வண்டியை யாரு ஓட்டுறது? உள்ள முந்நூறு ரொட்டி இருக்கு. எல்லாம் உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான். தள்ளு, தள்ளு!"

கேட்டின் ஓரக் கம்பத்தில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் ரயில் நின்றுவிடும். சிஹோவின் பார்வை அங்கே போனதை மாமா கண்ணாடியில் கவனித்துவிட்டார்.

"அதைத் தொட்டுடாதே! என் ஒருத்தனால ரயில்ல இருக்கிற அத்தனை பேருக்கும் லேட்டாகணுமா? மானம் போயிடும்."

"ஆமா சிஹோ, இன்னொரு தடவை தள்ளிப் பாப்போம்" என்றாள் நானாயே அக்கா.

போன வருடம் சிஹோவின் வகுப்பு ரியோ அதை விளையாட்டாக அமுக்கிவிட்டான். அவன் அம்மா ஸ்டேஷனில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். தன் அம்மாவும் அப்படி நிற்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

டாங்! டாங்! டாங்!

மணி அடித்தது. கேட் இறங்கியது. மாமாவின் முகம் வெளுத்தது. அப்போதும் அவர் ஸ்டியரிங்கை விடவில்லை.

யார் திட்டினாலும் திட்டட்டும் என்று சிஹோ ஓடினாள். இரண்டு கைகளாலும் பொத்தானை அமுக்கினாள்.

வளைவில் ரயில் தெரிந்தது. கிறீச்சென்று அலறிக்கொண்டே வந்தது. சிஹோ கண்களை இறுக மூடிக்கொண்டாள். சத்தம் நின்றதும் மெல்லத் திறந்தாள். ரொட்டி வண்டிக்கு இருபதடி தள்ளி ரயில் நின்றது.

ஓட்டுநர் இறங்கி வந்தார். மாமா விழுந்தடித்து இறங்கி, இடுப்பு வளையக் குனிந்தார்.

"பொத்தானை அமுக்கினது யாரு?"

"நா... நான்தான். அம்மாவைக் கூப்பிடாதீங்க."

ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். சிஹோவின் முன்னால் ஆழமாகக் குனிந்தார்.

"ரொம்ப நன்றிம்மா. வா, நானும் தள்றேன்."

மாமா மறுபடி ஏறி ஸ்டியரிங்கைப் பிடிக்க, மூவரும் தம் பிடித்துத் தள்ளியதும் வண்டி ஒரு குலுக்குடன் தண்டவாளத்தை விட்டு நகர்ந்தது.

ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. மாமா இறங்கி நின்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் குனிந்தார். பயத்தோடு சிஹோவும் குனிந்தாள். நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலுக்கு ஜன்னல் எல்லாரும் அவளைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

ரயில் மறைந்த பிறகும் மாமா நிமிரவில்லை.

"போதும், நிமிருங்க மாமா" என்றாள் சிஹோ. "ரொட்டி ஆறிடும்."