இரட்டைப் பதிவு

மருத்துவமனையின் பதிவறைக்கு ஜன்னல் கிடையாது. பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் உள்ளே வந்தபோது ஈரச்சாக்கு வாடை மூக்கில் அப்பியது. வழக்கமான வாடைதான்.

கண்காணிப்பாளர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "இதய நோய்க் கணக்கு சாயங்காலம் சுகாதாரத் துறைக்குப் போகணும்மா. ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவு இருந்தா ஒண்ணாச் சேத்துடு. ஒருத்தரையே ரெண்டு தடவ எண்ணினா மானம் போயிடும்."

"ஒவ்வொண்ணாப் படிச்சுப் பாக்கணுமே சார்?"

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு விடிஞ்சிடும். பேரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனா தட்டிவிடு."

கணினி ஜோடி ஜோடியாக நீட்டியது. அவள் பெயரைக்கூடப் பார்க்காமல் தட்டிவிட்டாள். கடைசி ஜோடியும் இணைந்து, பட்டியலைத் திரும்பப் பார்த்தபோதுதான் ஒரு மணி நேரத்துக்கு முன் இணைத்த ஜோடியின் விலாசம் கண்ணில் பட்டது. அவள் வீட்டு விலாசம்.

ஒன்று, போன வருடம் நெஞ்சுவலி வந்து பிழைத்த அவள் கணவன். மற்றது, அதே பெயரும் அதே பிறந்த தேதியும் கொண்ட வேறொருவர். பூட்டிய வீட்டுக்குள் மாரடைப்பில் செத்து, அழுகிய பிறகு இங்கே கொண்டுவரப்பட்டவர்.

இப்போது இருவருக்கும் ஒரே பதிவு. நிலை: இறப்பு.

"நாசமாப் போச்சு!"

கதவு திறந்தது. மேல்மாடி மருந்தகத்தில் வேலை பார்க்கும் கணவன் நின்றான்.

"இங்க எலி எதுவும் செத்துக்கிடக்கா?" என்று சிரித்தான். "மேல எல்லாரும் என்னைப் பாத்து மூக்கைப் பொத்துறாங்க. சோப்புப் போட்டும் போகல."

நாற்றம் அவனிடமிருந்துதான் வந்தது. இனிப்பும் சீழும் கலந்த நாற்றம்.

அவன் மணிக்கட்டைச் சொறிந்தான்.

தோல், வெந்த உருளைக்கிழங்கின் தொலியைப் போல வழுக்கிக்கொண்டு வந்தது. ரத்தம் இல்லை. அடியில் வெள்ளையாக எதுவோ நெளிந்தது.

"ஏய்... என்னடி இது?"

பேசிய வாயோரம் பழுப்பு நீர் வழிந்து, அவள் கைமேல் சொட்டியது. கொழகொழவென்று, வெதுவெதுப்பாக.

கையை உதறிவிட்டு விசைகளைக் குத்தினாள்.

பிரி. பிரி. பிரிந்து தொலை!

திரையில் பதிவு இரண்டானது.

நாற்றம் நின்றது. மணிக்கட்டில் கீறல்கூட இல்லை. "என்னமோ தல சுத்திடுச்சு" என்று அவன் அசடு வழிந்தான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே அவன் மார்பில் முகம் புதைத்தாள்.

லப்டப்.

இதயம் ஒழுங்காகத்தான் அடித்தது.

அதற்குப் பின்னால், அரை மூச்சு தள்ளி, சேற்றில் புதைந்த கால் எழுவதைப் போல, இன்னொன்றும் அடித்தது.