பறந்து வந்தவன்

கூடத்து உத்தரத்தில் தொங்கிய அரிக்கேன் விளக்கு நேராக இல்லை. உள்ளறைப் பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்து, அப்படியே நின்றது. காற்றும் இல்லை. கடையிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு வந்த வேதமாணிக்கம் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ராயபுரத்துக் கொத்தன் வீட்டையே கோணலாகக் கட்டித் தொலைத்திருக்கிறான்.

மனைவி தங்கபுஷ்பம் இலை போட்டு ரசம் ஊற்றினாள். "ஒங்க தம்பி வந்துட்டாவ. உள்ள பாப்பாகூட இருக்காவ. தொப்பலா நனஞ்சிருக்காவ."

"வெயிலு மண்டையப் பொளக்குது. இதுல நனஞ்சானாக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையில்லாத ராசையா, இவர் மகள் ஞானசெல்வியைத் தத்துக் கொடுங்கள் என்று சிங்கப்பூரிலிருந்து மாதம் ஒரு கடிதம் போட்டு உயிரை வாங்கினான். கப்பலேறவே வக்கில்லாத பயல். நடக்காத காரியத்துக்குச் சொல்கிற கேலியாக, 'பறந்து வந்தால் தூக்கிக்கொண்டு போ' என்று இவர் பதில் எழுதியிருந்தார். எந்த வள்ளத்தில் வந்து காசிமேட்டில் இறங்கினானோ. இனி ஏரோப்ளேன் என்று பீற்றுவான்.

வாசலில் தந்திக்காரர் அப்துல் வஹாப் குரல் கொடுத்தார். "மொதலாளி, சிங்கப்பூர் தந்தி வந்துகீது."

ராசையா இன்று பகல் பன்னிரண்டு மணி விமானத்தில் புறப்பட்டுவிட்டதாக அவன் சிநேகிதன் அடித்திருந்தான்.

வேதமாணிக்கம் விரல்விட்டு எண்ணினார். ஆயிரத்து எண்ணூறு மைல். எட்டு மணி நேரம். அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே பத்து. மீனம்பாக்கத்தில் இறங்கவே சாயந்திரம் ஆறாகும். சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டு. புளுகுகிறவனுக்குக் கணக்காவது தெரிய வேண்டாமா?

அப்போது இலையிலிருந்த ரசம் உள்ளறைப் பக்கமாக ஓடியது. செம்பு சாய்ந்து, உருண்டு, அறைக்குள் போனது. அங்கிருந்து ஓர் இரைச்சல் கிளம்பியது. துறைமுகத்து இரைச்சல் இல்லை. பெட்ரோல் நெடி. அதற்கு மேல் உப்பு நெடி.

விளக்கு இப்போது பாதி படுத்திருந்தது.

அவர் எழுந்தார். நடக்கவில்லை, தரை அவரைச் சரித்துக்கொண்டு போனது. அறையின் கதவு நிலையைப் பிடித்து நின்றார்.

நாற்காலியில் ராசையா. முதுகு தெரிந்தது. மடியில் குழந்தை.

"அண்ணாச்சி," என்றது குரல். திரும்பவில்லை. "பறந்து வந்தா தாரேன்னு எழுதினியளே. பறந்துதான் வந்தேன். பாதி தூரந்தான் வர முடிஞ்சுது."

பாதி. எட்டு மணி நேரத்தில் நாலு. அந்தக் கணக்கு சரியாக இருந்தது.

"தம்பி, கேலிக்கு எழுதினேன்யா. பிள்ளையக் குடுத்துரு."

ஜன்னலில் தெருவைக் காணோம். கடல். நெருங்கி வந்தது.

ஞானசெல்வி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, சித்தப்பா இடுப்புல வாரு மாட்டி விட்டாவ. அவுக்க வரல."

அவள் சடை மெல்ல மேலே எழும்பி மிதந்தது. இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

குமிழிகள் வந்தன.