பதினோராவது விரல்

மேசைமேல் கிடந்த போன் யாரும் தொடாமலே விழித்துக்கொள்கிறது என்று நாரின் ஊரிலிருந்து மெல்ஸ் எழுதியபோது எல்தியாருக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். பிஷ்கெக்கின் மேல் நிலக்கரிப் புகை கம்பளிப் போர்வையாகக் கவிந்துகிடந்ததில் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. டேப் ஒட்டிய ஜன்னல் இடுக்கு வழியாகக் கரிந்த வாடை உள்ளே வந்து, சுவரோரத்து வெந்நீர்க் குழாயின் சூட்டோடும் காலையில் பொரித்த பூர்சோக் ரொட்டியின் எண்ணெய் நெடியோடும் கலந்து நின்றது. குழாய்க்குள் எப்போதாவது ஏதோ ஒன்று டக்கென்று தட்டியது. அவன் அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை.

அவனுக்குக் கவனம் ஒன்றின் மேல்தான். ஐந்து வருடத்துக்கு முன் வெளிவந்து, செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட ஒரு மலிவு விலைப் போன். அதில் கம்பெனி போட்டுக்கொடுத்த மென்பொருளைத் துடைத்தெறிந்துவிட்டு ஏற்றுவதற்காகத் தானே சமைத்த கஸ்டம் ரோம் ஒன்றையும், அதற்கு அடியில் கிடந்து திரையையும் மைக்கையும் பேட்டரியையும் ஆட்டிவைக்கிற கெர்னல் ஒன்றையும் அவன் இணையத்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தான். இரண்டாயிரம் பேர் அதைப் போட்டிருந்தார்கள். இரண்டாயிரம் பேர் போதாதா, தலையில் கொம்பு முளைக்க? கம்பெனி இன்ஜினியர்கள் அவனுக்கு மடையர்கள். கேமரா வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள் பிச்சைக்காரர்கள். அவர்களுக்காக நடத்திய இணையக் குழுவில் யாராவது குறை சொன்னால் அவனிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "லாக் எங்க?" போனுக்குள் நடந்ததையெல்லாம் நொடிவாரியாகப் பதிந்துவைக்கிற கோப்புதான் லாக். அது இல்லாமல் புகார் சொன்னவனை நாற்பது பேர் சேர்ந்து நக்கல் செய்து துரத்துவார்கள். அந்த நாற்பது பேரும் போன வாரம் அதே கேள்வியால் அடிவாங்கியவர்கள்தான்.

மெல்ஸ் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார், தனிக்கட்டை. குழுவில் எல்லோரும் பாதி வார்த்தையும் பொம்மையுமாக எழுதும்போது அவர் மட்டும் முற்றுப்புள்ளி வைத்து எழுதுவார். சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்க்க ஆறு பேர் முன்வந்தார்கள், அவர்களில் அவர் ஒருவர். ஏழாவதாக ஒரு போனும் உண்டு. அது எல்தியாரின் ஐந்து வயது மகள் ஆய்பிகேயுடையது. அவளை யாரும் கேட்கவில்லை. கார்ட்டூன் பார்ப்பதற்கென்று அதே மாடலில் ஒரு பழைய போனைக் கொடுத்துவிட்டு அதில் சத்தமில்லாமல் சோதனைப் பதிப்பை ஏற்றிவைத்திருந்தான்.

"உன் கெர்னலுக்குக் காய்ச்சல் வந்தா ராத்திரி பூரா முழிச்சிருக்க. புள்ளைக்கு வந்தா மருந்து எங்க இருக்குன்னு என்னைக் கேக்குற," என்றாள் அவன் மனைவி பெரிசாத், வாசலில் பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டே. "மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வர்றேன். அந்தப் பொட்டிய மூடிட்டு அவகிட்டப் போய் உக்காரு."

"தூங்குறாதானே?"

"தூங்குறா. போனைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டுத் தூங்குறா. எல்லாம் உன் புத்தி."

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் முனகிக்கொண்டு இறங்கியது. அவன் மகளிடம் போகவில்லை. குழுவைத் திறந்து தட்டினான்: "வாத்தியாரே, லாக் எங்க?"

வாத்தியார் அனுப்பினார். எல்தியார் உதட்டைச் சுழித்துக்கொண்டு திறந்தான். திரையில் விரல் பட்ட இடங்கள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. அப்புறம் பதினொன்று. அந்தப் போனின் தொடுதிரைக்குப் பத்து விரலுக்குமேல் எண்ணத் தெரியாது, அதன் சில்லு அவ்வளவுக்குத்தான் செய்யப்பட்டது. பதினொன்று என்ற எண் அந்த லாகில் வரவே முடியாது. அவன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். பிறகு குழுவில் எழுதினான்: "மலிவு சார்ஜர். இல்லாட்டி ஈரக்கை. வாத்தியாரே, துண்டுல கைய தொடைங்க." முப்பது பேர் சிரித்தார்கள்.

மெல்ஸ் கோபப்படவில்லை. கால்மணி நேரம் கழித்து ஒரு வீடியோ வந்தது. அறையின் நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் போன், சார்ஜர் இல்லை. சுவர்க்கடிகாரத்தின் ஓட்டம் கேட்டது. அடுப்பில் சாணவரட்டி படபடவென்று வெடிப்பதும், வீடியோ எடுப்பவரின் மூச்சு மூக்கில் சீறுவதும் கேட்டன. விரல் படுமிடத்தில் வெள்ளை வட்டம் காட்டும் வசதியை அவர் போட்டு வைத்திருந்தார். கறுத்த திரையில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு கீழ் ஓரத்தில் ஒரு வட்டம் வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு விளிம்பு நெடுகப் பலதும் வந்தன. யாரோ போனை இரண்டு கையாலும் ஏந்திப் பார்ப்பதுபோல இருந்தது. ஆனால் போன் முக்காலியைவிட்டு அசையவில்லை.

"தம்பி, இது போன்லேருந்து வர்றதில்ல," என்றது மெல்ஸின் குரல், வகுப்பில் கணக்கு விளக்குகிற நிதானத்தோடு. "எட்டத்துல வச்சா ஒண்ணு ரெண்டுதான் காட்டுது. என்கிட்டக் கொண்டுவந்தா கூடுது. இப்ப பாருங்க, நெஞ்சுகிட்டக் கொண்டுவர்றேன்."

போன் நெருங்க நெருங்க வட்டங்கள் பெருகின. திரை நிறைந்துபோனது. வீடியோ அங்கேயே நின்றது.

எல்தியார் எழுதினான்: "டாக்டர்கிட்டக் காட்ட வேண்டியது போனை இல்ல வாத்தியாரே." இந்த முறை ஐம்பது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ரசித்துக்கொண்டு ஆறிப்போன தேநீரைக் குடித்தான். ஒரு தனியாளைப் பார்த்து ஊரையே சிரிக்கவைத்த பெருமை அவன் முகத்தில் வழிந்தது. மனிதனுக்கு இதைவிடச் சின்னப் பெருமை இருக்க முடியாது.

மெல்ஸ் பதில் எழுதவில்லை. ஆனால் சோதனைப் பதிப்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லாகைத் தானாக எல்தியாருக்கு அனுப்பும், அப்படித்தான் அவன் செய்து வைத்திருந்தான். நான்கு மணிக்கு நாரினிலிருந்து ஒன்று வந்தது. வெறும் பழக்கத்தில் திறந்தான். பதினாறு விரல்கள். இருபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் நேராக அழுத்தத்தின் அளவு. முதலில் பன்னிரண்டு, பூ விழுவதுபோல. பிறகு நாற்பது. தொண்ணூறு. அப்புறம் எல்லா வரியிலும் இருநூற்று ஐம்பத்தைந்து. அதற்குமேல் அந்தத் திரைக்கு அளக்கத் தெரியாது. நான்கு நிமிடம் அப்படியே. ஒரு விரல்கூட நகரவில்லை. பிறகு எல்லாம் ஒரே நொடியில் விட்டுவிட்டன.

அதற்குப் பிறகு வெற்று வரிகள்.

அவன் மெல்ஸை அழைத்தான். மணி அடித்தது. அடுத்த லாகில் அந்த அழைப்பும் பதிவாகி வந்தது: போன் அடித்தது, அதிர்ந்தது, நின்றது. மறுபடி அடித்தது. யாரும் தொடவில்லை. இப்போது எதுவுமே தொடவில்லை. குழாய்க்குள் டக்கென்று ஒரு தட்டல் கேட்டபோது எல்தியார் நாற்காலியோடு துள்ளினான்.

அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது, கோளாறு எந்த இடத்தில் என்று. கம்பெனியின் பழைய கெர்னலில் தொடுதிரைப் பகுதியில் பதினான்கு வரி இருந்தது. திரை உணர்கிற தொடுகைகளில் சிலவற்றை மேலே அனுப்பாமல் அங்கேயே அமுக்கிவிடுகிற வரிகள். எந்த மடையன் தொடுகையைத் தூக்கி எறிவான் என்று சிரித்து, மூன்று வாரத்துக்கு முன் அவற்றை வெட்டினான். திரை வெண்ணெயாக வழுக்கியது. குழு கொண்டாடியது. அந்த வரிகளுக்கு மேலே சீன மொழியில் இரண்டு வரிக் குறிப்பு இருந்தது. மொழிபெயர்த்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். மடையர்கள் எழுதியதைப் படிக்க அவனுக்கு ஏது நேரம்?

இப்போது தேடி எடுத்தான். குறிப்பை மொழிபெயர்ப்பில் போட்டான்.

"போன் வைத்திருப்பவருடையது அல்லாத விரல்களை மேலே தெரிவிக்காதே. வாடிக்கையாளர்கள் பயந்துபோகிறார்கள்."

வாசித்துக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினி மெல்ல மணியடித்தது. புதிய லாக். நாரின் இல்லை. பட்டியலின் ஏழாவது பெயர்.

ஆய்பிகே.

ஒன்பது விரல்கள். அழுத்தம் பன்னிரண்டு.

மடிக்கணினியைக் கேபிளோடு வாரிக்கொண்டு ஓடினான். நடையில் இருட்டு. சுவரோரக் கோட்டுகளிலிருந்து ஈரக் கம்பளி வாடை. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னலில் புகையின் மஞ்சள் வெளிச்சம். குழந்தை மல்லாந்து கிடந்தாள், கன்னம் காய்ச்சலில் சிவந்து, வாய் சற்றே திறந்து. நெஞ்சின்மேல் போன். அதன் திரை விழித்திருந்தது.

வட்டங்கள். ஒன்பது இல்லை. எண்ண முடியவில்லை.

போனை எடுத்தான். எட்டத்தில் பிடித்தான். மூன்று வட்டம். குழந்தையின் முகத்துக்குமேல் கொண்டுபோனான். திரை வெள்ளையாகிவிட்டது.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கலாம். பெயர் சொல்லி எழுப்பியிருக்கலாம். பெரிசாத்தைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கலாம். பெற்றவன் என்று இருக்கிற எவனும் இதில் ஒன்றையாவது செய்திருப்பான். அவனோ கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து கேபிளைச் செருகினான். அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். கம்பெனியின் பழைய கெர்னல் எங்கோ ஒரு கோப்புறையில் இருந்தது. தேடினான். கிடைத்தது. கட்டளையைத் தட்டினான், பிழை வந்தது. திரும்பத் தட்டினான். ஓடியது. இருபது சதவீதம். அறுபது. தலைக்குமேல் பிள்ளையின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. சின்ன மூச்சு. இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு.

முடிந்தது. போன் அணைந்து, எழுந்தது. கம்பெனியின் முத்திரை வந்தது, மூன்று வாரமாகப் பார்க்காத அந்த அசட்டு நீல முத்திரை. வட்டம் காட்டும் வசதியைப் போட்டான். எழுந்து நின்றான். போனைப் பிள்ளையின் முகத்துக்குமேல் நீட்டினான்.

ஒன்றுமில்லை. சுத்தமான கறுப்புத் திரை. ஒரு வட்டம்கூட இல்லை.

அவனுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்திலும் அவன் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும்: குழுவைத் திறந்து, "தொடுதிரைக் கோளாறு சரி பண்ணியாச்சு, எல்லாரும் பழைய கெர்னல் போட்டுக்கங்க" என்று எழுதி அனுப்பினான். உடனே நான்கு பேர் இதயப் பொம்மை போட்டார்கள்.

கீழே எங்கோ லிஃப்ட் முனகத் தொடங்கியது.

மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

போனைத் தாழ்த்தினான். குனிந்து பார்த்தான்.

ஆய்பிகேயின் இடது கன்னத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. சிறுபயறு அளவுக்கு. அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. இன்னொன்று. வலது தாடையில் ஒன்று. மோவாய்க்குக் கீழே, கழுத்தின் மென்சதையில், ஏழு. திறந்திருந்த சின்ன உதடுகள் ஒன்றோடொன்று அழுந்தி வெளுத்தன. எல்தியாரின் கையில் திரை கறுப்பாகவே இருந்தது. குழிகள் ஆழமாயின. தலையணையிலிருந்து பிள்ளையின் தலை, கண் திறக்காமல், மெல்ல, மிகக் கவனமாக, மேலே எழுந்து அவன் பக்கம் திரும்பியது.