பார்க்காமல் போட்ட முப்பத்தொரு டிக்

“ஏறுங்க, ஏறுங்க! இந்த மேட்டைத் தாண்டிட்டா ஓடை. ஓடையைத் தாண்டிட்டா சிங்கவால் குரங்கு!” என்றார் வழிகாட்டி ஞானப்பிரகாசம்.

மங்கையர்க்கரசிக்கு நாக்குத் தள்ளியது. மூன்று நாளாக இதே பாட்டுதான்! மேட்டைத் தாண்டினால் இன்னொரு மேடு வரும். ஆனைமலை மழை சட்டைக்குள் புகுந்து முதுகில் ஓடியது. அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் கொட்டியிருந்த மூக்குப்பொடி எப்போதோ கரைந்துபோக, அட்டைகள் கல்யாண வீட்டுக்குள் நுழைவதுபோல உரிமையோடு ஏறிக்கொண்டிருந்தன. திருச்சி தாலுகா ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஃபைல் புரட்ட வேண்டியவள் இவள். “சித்தி, ஒரே ஒரு தடவை வந்து பாரு” என்று அக்கா மகள் யாழினி நச்சரித்தே இழுத்து வந்துவிட்டாள்.

கால்வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது வேறு விஷயம். இந்த மூன்று நாளில் அவள் ஒரு விலங்கையும் பார்க்கவில்லை. ஒன்றையும்! ஞானம் “அதோ!” என்பார். யாழினி துள்ளுவாள். கூட வந்த கோயம்புத்தூர் மோட்டார் கடைக்காரர் ஆதிமூலம், பீரங்கி போன்ற கேமராவில் படபடவென்று அடித்துத் தள்ளுவார். மங்கை கண்ணாடியைத் துடைத்து மாட்டி நிமிர்வதற்குள் அங்கே இலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

முதல் நாளே, பாதையோரப் பலா மரத்தில் தவளைவாயன் என்ற பறவை உட்கார்ந்திருந்தது. பகலெல்லாம் காய்ந்த இலைபோல அசையாமல் இருக்குமாம். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மழையில் நனைந்தபடி இவளுக்காகவே காத்து நின்றார்கள். “தெரியுதா மேடம்?” என்றார் ஞானம். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “ஆமா, தெரியுது” என்று சொல்லிவைத்தாள்.

அவ்வளவுதான், வாய்க்குப் பழகிவிட்டது. விடுதியில் கொடுத்த உயிரினப் பட்டியலில் டிக் மேல் டிக். இப்போது முப்பத்தொன்று! “சித்திக்குக் கழுகுக் கண்ணு!” என்று யாழினி பெருமை பேசும்போதெல்லாம் மங்கைக்குக் கூசியது.

ஓடைக்குச் சற்று மேலே ஒரு பாறையருகில் ஞானம் நின்றார். ஈர மண்ணில் புதுச் சாணம்.

“யானை இருக்கு. நீங்க இந்தப் பாறையை விட்டு அசையக் கூடாது. நான் போய் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாத்துட்டு வந்துர்றேன். பத்தே நிமிசம். கத்திக் கூப்பிடாதீங்க, சத்தம் கேட்டா மிரண்டு வரும். எதுனாலும் நான் சீட்டி அடிக்கிறேன்.”

ஓடையோரத்தில் மனுஷன் மாதிரியே சீட்டியடிக்கும் ஒரு நீலக் குருவி உண்டு. ஞானம் அதைப்போலவே அடிப்பார். காட்டுக்கும் பழகிய சத்தம், யானையும் சட்டை செய்யாது.

பத்து நிமிடம் போனது. அரை மணி போனது. ஒரு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம்! ஓடை இரைச்சலில் சீட்டியும் கேட்கவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. திரும்பும் வழி மூவருக்கும் தெரியாது. மூடுபனி வேறு இறங்கத் தொடங்கியது.

“அவருக்கு என்னமோ ஆயிருச்சு சித்தி” என்றாள் யாழினி.

“இருங்க, இருங்க!” ஆதிமூலம் இடது பக்க மூங்கில் கூட்டத்தைக் காட்டினார். “அங்க பாருங்க, காக்கி கலர்ல தெரியுது. ஞானத்தோட சட்டைதானுங்க அது? எனக்குப் பனியில சரியாத் தெரியல. மேடம், உங்க கண்ணுதான் கண்ணு. நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

மங்கை பார்த்தாள். கண்ணாடி முழுக்க ஆவி. “ஆமா, தெரியுது” என்றாள்.

ஆதிமூலம் பையைத் தூக்கி மாட்டினார். யாழினி முன்னால் இறங்கினாள். பத்தடி போயிருப்பார்கள். வலப்பக்கம், கீழே பள்ளத்திலிருந்து மெல்லிசாக ஒரு சீட்டி கேட்டது.

“குருவிங்க அது” என்றார் ஆதிமூலம், நிற்காமல்.

மங்கை நின்றுவிட்டாள். குருவி இல்லை! கண்ணுக்கு ஒன்றும் அகப்படாத இந்த மூன்று நாளும் அவளுக்குக் காது மட்டும்தானே வேலை செய்தது? குருவி மனம்போனபடி இழுக்கும், ஒருமுறை அடித்ததை மறுமுறை அடிக்காது. ஞானம் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப அடிப்பார். முன்பல் ஒன்று இல்லாததால் முடிவில் ‘ஸ்ஸ்’ என்று காற்று போகும். இதோ, மறுபடியும் அதே மெட்டு, முடிவில் அதே ‘ஸ்ஸ்’!

சரி, அப்படியானால் அந்தக் காக்கிச் சட்டை? அதை அவள் எங்கே பார்த்தாள்? அடிப்பாவி, ஒரு மனுஷன் உயிர் ஊசலாடும்போதுமா வாய் பொய் சொல்லும்? அவளுக்கே அவள்மீது ஆத்திரம் வந்தது.

“நில்லுங்க!” என்றாள். “நான் பார்க்கல.”

“என்ன சித்தி?”

“சட்டையைப் பார்க்கல. எதையுமே பார்க்கல யாழி. பட்டியல்ல போட்ட டிக் அத்தனையும் பொய். எல்லாரும் எனக்காகக் காத்து நிக்கிறீங்களேன்னு வெட்கப்பட்டுச் சொன்னேன். ஆனா இந்தச் சீட்டி ஞானத்தோடது. அது நிஜம். கையெழுத்துப் போட்டுத் தரேன், கீழ போங்க!”

ஆதிமூலம் மூங்கிலைப் பார்த்தார், மங்கையைப் பார்த்தார். “சரிங்க, பேச நேரமில்ல. வாங்க!”

வேரைப் பிடித்து, வழுக்கி, உட்கார்ந்து தேய்த்து இறங்கினார்கள். பள்ளத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஞானம் கிடந்தார். வலது பாதம் இடுக்கில் மாட்டி, கணுக்கால் வீங்கிப்போயிருந்தது. உதடு நீலம் பாய்ந்து, சீட்டியடிக்கவும் தெம்பில்லை.

“மூங்கில் பக்கம் போகலையே?” அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. “குட்டியோட மூணு நிக்குது. பாத்துட்டுத் திரும்பயிலதான் வழுக்கிருச்சு.”

ஆதிமூலத்துக்கு முகம் வெளிறிவிட்டது. “அப்ப அந்தக் காக்கி?”

“மூங்கில் சருகா இருக்கும் சார்.”

மூவரும் சேர்ந்து கல்லை நெம்பிக் காலை எடுத்தார்கள். யாரையும் தொடவிடாத தன் கேமரா ஸ்டாண்டை ஆதிமூலமே உடைத்து, அந்தக் கம்பியை வைத்துக் காலைக் கட்டினார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மங்கை. ஞானம் ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வந்தார். “இடது... கொஞ்சம் மேல... அந்தப் பாசியில கால் வைக்காதீங்க” என்று அவர் வழி சொல்ல, யாழினி முன்னால் கொடியை விலக்கிக்கொண்டு போனாள். இருபது அடிக்கு ஒருமுறை உட்கார்ந்தார்கள். மங்கைக்குத் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. அட்டையைப் பிய்த்துப்போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. முக்கால் மணி வழிக்கு நாலு மணி நேரம் ஆனது. மரங்களுக்கு நடுவே எஸ்டேட் ரோடு தெரிந்தபோது ஆதிமூலம் சின்னப் பிள்ளைபோல அழுதுவிட்டார்.

அப்போது ஞானம் திடீரென்று தலை நிமிர்ந்தார். “அதோ! அதே பலா மரம். தவளைவாயன்!”

“எங்க?” என்றாள் மங்கை. “எனக்குத் தெரியல.”

ஒருவரும் சிரிக்கவில்லை. “என்னை இறக்கி விடுங்க சார்” என்றார் ஞானம். வலியில் பல்லைக் கடித்தபடி ஒரு வேரில் உட்கார்ந்துகொண்டார். “மேடத்துக்குத் தெரியற வரைக்கும் யாரும் நகரக் கூடாது.”

யாழினி கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தாள். “அந்த வளைஞ்ச கிளை சித்தி. இல்ல, அதுக்குக் கீழ.” நேரம் போய்க்கொண்டே இருந்தது. மங்கைக்கு வெட்கமே வரவில்லை. “இன்னும் தெரியலடி” என்றாள், இரண்டு தடவை.

பிறகு காய்ந்த இலை ஒன்றுக்குக் கண் முளைத்தது. பக்கத்திலேயே, ஒட்டிக்கொண்டு, இன்னொன்று! இரண்டும் அகன்ற வாயை மூடிக்கொண்டு, கோபித்த மாமியார்கள்போல, இவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“தெரியுது” என்றாள்.

மாலையில் ஞானத்துக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகு, மங்கை விடுதி வராந்தாவில் காலை நீட்டிப் பட்டியலை எடுத்தாள். முப்பது டிக்கை ஒவ்வொன்றாக அடித்து நீக்கினாள். தவளைவாயனுக்கு நேராக இருந்ததன்மேல் பேனாவை அழுத்தி இன்னொரு தடவை போட்டுவிட்டு, யாழினியிடம் சூடாக ஒரு டீ கேட்டாள்.