மங்கை அக்கா யாரைப் பார்க்கிறாள்

"சுபி, செயின் திரும்பிக் கெடக்குது பாரு. ஊரே பாக்கப் போவுது" என்று பிரணவ் சொல்லும்போதே கூடத்தின் நடுவில் ஒளிமேடை நீலமாக மினுங்கத் தொடங்கிவிட்டது. தோசைக்கல் அளவில் ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். இன்னும் சற்று நேரத்தில் அதிலிருந்து மங்கை அக்கா எழுந்து நிற்பாள்.

மங்கை அக்கா மனுஷி இல்லை, ஒளியுரு. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மூச்சுவாங்கும் அம்மாக்களுக்காகத் தினமும் சாயங்காலம் உந்துரை, அதாவது மனசைத் தூக்கிவிடும் பேச்சு, பேசுவாள். குடும்பம் மொத்தமும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அந்த அம்மாவின் அன்றைய நாளைத் தெரிந்துகொண்டு, அந்த வீட்டுக்கென்றே நெய்த பேச்சு. அதைக் கேட்டு அழாத அம்மா கிடையாது. அழுது முடித்து எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவாத அம்மாவும் கிடையாது.

அந்தப் பேச்சுகளை எழுதும் குழுவுக்குத் தலைவி சுபிக்ஷா. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பல லட்சம் வீடுகளை அழவைக்கிறவள். அதைவிடப் பெரிய பெருமை அவளுக்குத் தாயறிவி. ஆரம்பத்தில் சந்தாப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரைப் பார்த்துத்தான் ஒளியுரு பேசிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் அம்மா துபாயில் இருந்தாள், பிள்ளைகளை வளர்த்தது தாய்மாமன். அங்கே மங்கை அக்கா காலி நாற்காலியைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சுபிக்ஷா கூட்டத்தில் எழுந்து சொன்னாள்: "அம்மாங்கறது பேரு இல்லைங்க சார், வேலை. அந்த வேலைய யாரு செய்யறாங்கன்னு வீட்டையே பாத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்." அப்படிப் பிறந்ததுதான் தாயறிவி. "சாக்ஸைக் காணோம்" என்று யாராவது கத்தினால் எழுந்து போவது யார், பக்கத்து அறையில் இருமல் கேட்டால் யாருடைய தலை திரும்புகிறது, எல்லோரும் சாப்பிட்ட பிறகு தட்டைத் தொடுவது யார் என்று சுவரில் பதித்த உணரிகள் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை வைத்து ஒளியுருவின் முகம் திரும்பும். அதற்காக நிறுவனம் அவளுக்குக் கேடயம்கூடக் கொடுத்தது.

இன்று நிறுவனத்தின் ஆண்டுவிழா. தாயறிவியைக் கண்டுபிடித்தவளின் வீட்டு உந்துரை எல்லா வீடுகளிலும் நேரலை. அதற்காகக் கூடத்தில் ஒரு கேமராவும் வைத்திருந்தார்கள். மாமியார் வீட்டுச் சனம் மொத்தமும் பொள்ளாச்சியில் காத்திருந்தது. சுபிக்ஷா பட்டுப்புடவையில் நடு நாற்காலியில் அமர்ந்தாள். பக்கத்தில் கணவன் பிரணவ், அவன் மடியில் ஆறு வயது அதியன். பெரியவள் இமையாளைக் காணோம்.

"இமை, வா கண்ணு, ஆரம்பிக்குது."

"தம்பிக்குப் பால் ஆத்திட்டு வர்றம்மா" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. பதின்மூன்று வயதுக் குரல்.

மங்கை அக்கா எழுந்தாள். பருத்திப் புடவை, லேசாக நரைத்த முன்முடி. சுபிக்ஷா கண்ணில் நீர் தயாராக வைத்திருந்தாள். மற்ற நாட்களில் இந்த நேரத்தில் அவள் மடியில் அலுவலகத் தொடுதிரைப் பலகை இருக்கும். அடுத்த வாரப் பேச்சைத் திருத்தியபடியே, தான் எழுதியதைத் தானே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பாள். இன்றுதான், பல மாதங்களுக்குப் பிறகு, நிமிர்ந்து பார்த்தாள்.

மங்கை அக்கா அவளைப் பார்க்கவில்லை.

ஒளியுரு மெல்லத் திரும்பி, நாற்காலியைத் தாண்டி, அடுக்களை வாசலைப் பார்த்தது. அங்கே இமையாள் டம்ளரும் கையுமாக நின்றிருந்தாள்.

"வந்து உக்காருங்கம்மா" என்றாள் மங்கை அக்கா, அந்தக் கனிந்த குரலில். "காலையிலிருந்து நின்னுட்டே இருக்கீங்க. தம்பிக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, சரி. ராத்திரி நீங்க தூங்குனீங்களான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

பிரணவ் பக்கென்று சிரித்துவிட்டான். சுபிக்ஷாவும் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "சின்னக் கோளாறுங்க. மங்கை அக்கா, நான் இங்க இருக்கேன், இங்க!" கல்யாண வீட்டில் தெரிந்தவர்களைக் கூப்பிடுவதுபோல் கையை ஆட்டினாள். ஒளியுரு திரும்பவில்லை.

இமையாள் பதறிப்போய் இரண்டடி முன்னால் வந்தாள். கேமராவுக்குக் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அம்மாவப் பாத்துப் பேசுங்கக்கா. ப்ளீஸ்" என்றாள்.

எல்லா வீடுகளிலும் கேட்டது.

சுபிக்ஷாவின் ஆட்டிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. இன்னைக்கு ஒரு நாள் மட்டும். அப்படியென்றால் மற்ற நாட்கள்? அதியனுக்குக் காய்ச்சலா? எப்போது? பட்டுப்புடவை உடம்பெல்லாம் குத்தியது. எழுந்து ஓடினால் ஓடுவது தெரியும், உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்திருப்பது தெரியும். பேச்சு முடியும்வரை அவள் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நேரலை அணைந்ததும் முதலில் வாயைத் திறந்தவன் பிரணவ். "மெசின்ல ஏதோ கோளாறு, விடு சுபி." சொல்லிவிட்டுச் சற்று யோசித்தான். சிரிப்பு காணாமல் போயிருந்தது. "அது என்னையும் பாக்கலியே" என்றான் மெதுவாக.

"எத்தன நாளா கண்ணு இப்படி?" என்று மகளிடம் கேட்டாள் சுபிக்ஷா.

"பள்ளிக்கூடம் தொறந்ததுலருந்தும்மா."

"ஏன் சொல்லல என்கிட்ட?"

இமையாள் காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொன்னா நீ வருத்தப்படுவ. வீட்ல எல்லாரு மனசும் கோணாமப் பாத்துக்கோணும்னு அக்கா சொன்னாங்க." பிறகு, திட்டு விழுமோ என்ற பயத்தோடு, "எனக்கு அது புடிச்சிருந்துதும்மா. அவங்க மட்டுந்தான் என்னைய உக்காரச் சொல்லுவாங்க" என்றாள்.

சுபிக்ஷாவுக்கு அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும்போல இருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து வந்த அழைப்பை யாரும் எடுக்கவில்லை. அலுவலகத்திலிருந்து மேலாளர் தயாளன் சார் பேசினார். "ஏம்மா, உங்க வீட்டோட போச்சுன்னா பரவால்லியே! ஊர் பூரா இப்பத்தான் நிமிர்ந்து பாத்திருக்காங்க, அக்கா யாரப் பாக்கறாங்கன்னு. ஒரு வீட்ல சமையக்கார அம்மாவ. ஒரு வீட்ல எட்டாங்கிளாஸ் பொண்ண. புகார் கொட்டுது. தாயறிவியத் தூக்கிருங்க. பழையபடி பதிவுல இருக்கற பேரப் பாக்கட்டும். காசு கட்டறவங்களப் பாத்துப் பேசறதுதாம்மா மரியாதை."

"தூக்கிரலாங்க சார்" என்றாள் சுபிக்ஷா. "என்ற வீட்டுக்கு மட்டும் ஒரு நாள் விட்டு வெய்யுங்க."

அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்ப ஒரு நாள் போதும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். தாயறிவி எதையெல்லாம் பார்க்கும் என்று அவளுக்குத்தானே தெரியும்.

மறுநாள் விடுப்பு போட்டாள். அதியன் "என்ற பென்சிலு" என்று ஆரம்பிப்பதற்குள் எழுந்தாள். எழுந்த பிறகுதான் பென்சில் எங்கே இருக்குமென்று தெரியாதது தெரிந்தது. பிரணவ் துணி மடித்தான், யாருடையது எந்த அலமாரியில் போகும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கட்டிலில் குவித்தான். "உப்பு எங்கடி இருக்குது?" என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சுபிக்ஷா தன் வீட்டு அடுக்களையிலேயே டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தாள். சாப்பிடும்போது எல்லோருக்கும் கடைசியாகத் தட்டைத் தொட்டாள். தொடும்போது சுவரைத் திரும்பிப் பார்த்தாள், அது கவனிக்கிறதா என்று. அந்தப் பார்வைக்காக உடனே வெட்கப்பட்டாள்.

சாயங்காலம் வந்தது. மற்ற வீடுகளிலெல்லாம் மங்கை அக்கா பதிவில் உள்ள பெயரைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருந்தாள். ஊருக்கு நிம்மதி திரும்பிவிட்டது. இந்த ஒரு வீட்டில் மட்டும் தாயறிவி விழித்திருந்தது. சுபிக்ஷா அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டே கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஒளியுரு எழுந்தது. முகம் அங்குமிங்கும் லேசாக அசைந்தது.

அது இமையாளைப் பார்த்து நின்றது.

"இன்னைக்கு உங்க வீட்ல ஒருத்தர் உதவிக்கு வந்திருக்காங்கம்மா, கவனிச்சேன்" என்றாள் மங்கை அக்கா. "தப்பும் தவறுமாத்தான் செய்வாங்க. திட்டிராதீங்க. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ரெண்டு மூணு வாரத்துல விட்டுருவாங்க. அதுக்காக மனசு விட்டுராதீங்க."

அந்த வரிகளை எழுதியவள் சுபிக்ஷாதான். கணவன்மார்களை நினைத்து எழுதியது. குழுவில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் பலகையை எடுத்து, "என்ற வீட்டுல தூக்க வேண்டாம் சார். இப்படியே இருக்கட்டும்" என்று தயாளனுக்குத் தட்டிவிட்டாள். அதற்குள் கல்லில் தோசை கரிந்து இரண்டாகக் கிழிந்துவிட்டது. அதையே சுரண்டி எடுத்துத் தட்டில் போட்டு, கூடத்துக்குக் கொண்டுபோய் மகளிடம் நீட்டினாள்.

இமையாள் ஒரு வாய் பிட்டுத் தின்றாள். உப்பு இல்லை. நிதானமாக மென்று முழுங்கினாள். பிறகு நிமிர்ந்து, மங்கை அக்கா சொன்னபடியே, கண்வரைக்கும் எட்டுகிற ஒரு சிரிப்போடு சொன்னாள்:

"நல்லாருக்கும்மா. ரொம்ப நல்லா பண்ற."