புயல் மணலில் பூத்த கொடி

வண்ணத்துப்பூச்சிகள் அன்று மாலை காய்ந்த கிளைக்குப் போகவில்லை.

கறுப்பில் மஞ்சள் வரியோடிய அந்தப் பூச்சிகள், பொழுது சாய்ந்தால் பழகிய ஒரே கிளையில் கொத்தாகத் தொங்கும். ஃப்ளோரிடா கரையில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. இன்றோ காட்டுக் கொடித்தோடை என்னும் பூங்கொடி படர்ந்த பந்தலுக்கு முன்னால், வெறும் காற்றில், தோளுயரத்தில் வரிசையாகத் தொங்கின.

"சிலந்தி நூலா இருக்கும்" என்றாள் வெர்னா.

வேலிக்கு அப்பாலிருந்த பக்கத்து வீட்டு டெல்பர்ட் சிரிக்கவில்லை. "அந்த மணலை அள்ளி வெளியே கொட்டு. புயல் ஒதுக்குனதை ஊரே தெருவோரத்துல கொட்டிச்சு. நீ ஒருத்திதான் பாத்தி கட்டிக் கொடி வெச்சே."

"கடலே வாசல்ல கொண்டாந்து குடுத்துது. விடுவேனா?"

"கடல் யார் யாரைத் திருப்பித் தரலையோ, அவங்களும் அதுல இருக்கலாம்."

"உன் வாயில ரெண்டு கூடை போட்டிருக்கணும்யா, தப்புப் பண்ணிட்டேன்."

புயலில் பாதி வீடு போனது. மகன் அட்லாண்டாவுக்கே வந்துவிடச் சொன்னான். வெர்னா நகரவில்லை. அந்த மணலில் முதலில் துளிர்த்தது இந்தக் கொடிதான். இதைப் பிடுங்குவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுவதும் அவளுக்கு ஒன்றுதான்.

மறுநாள் மாலை, ஊதாப் பூக்களின் இனிப்பு வாசனைக்கு அடியில் வற்றிய உப்பங்கழியின் அழுகல் நாற்றம் மெல்ல எழ, பாத்தியில் ஈர மணல் நறநறவென்று அரைபட, பூச்சிகள் ஒவ்வொன்றாக வந்து தொங்கின. தோள்கள். இரண்டு கைகள். குனிந்த தலை.

அதற்கடுத்த மாலை அந்த உருவம் பந்தலடியில் இல்லை. வாசற்படியில் நின்றது.

"வெர்னா, உள்ள போ! கதவைச் சாத்து!" டெல்பர்ட் அலறினார்.

"நான் எதுக்குப் போகணும்? இது என் வீடு."

கால் நகரவில்லை. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை எடுத்தாள். முழுவேகத்தில் திருப்பினாள்.

பூச்சிகள் சிதறிப் பறந்தன.

படி காலி.

ஆனால் தண்ணீர் அந்தப் பக்கம் போய் விழவில்லை. காற்றில் மோதியது. நெற்றியாக வழிந்தது. மூக்காக. தோளாக. விரல் விரலாகச் சொட்டியது.

விரல்கள் நீண்டன. குழாயின் முனையைப் பற்றின.

வெர்னா விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

அதுவும் இழுத்தது.